கன்னி மூலைக் கதவு

2019 ஜூலை 11, வியாழக்கிழமை, காலை பத்து மணி இருபது நிமிடம். மேற்கே மலை முழுவதும் மேகத்துக்குள் இருந்தது. காரமடைப் பக்கம் சாரல். சட்டையை நனைக்காத சாரல்தான், ஆனால் காற்று பலமாக அடித்தது. அந்த நேரத்தில் மில்லின் அபாயச் சங்கை ஊதச் சொன்னேன். ஆட்களுக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. முதலாளிக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தீ ஒத்திகை அழகாக நடந்திருக்கும். எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

மில்களில் புதிதாக மேனேஜராகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக இதை எழுதுகிறேன். சேர்ந்த முதல் மாதத்திலேயே உரிமத்துக்கான படிவத்தில் உங்கள் பெயரை எழுதுவார்கள், முதலாளியின் பெயருக்கு அடுத்தபடியாக. பெருமையாக இருக்கும். எனக்கும் இருந்தது. ஒரு உயிர் போனால் கோர்ட்டில் நிற்க வேண்டிய பெயர் அது என்பதை அன்றைக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். ஆகவே நான் சொல்கிறேன்.

நான் பிறவிக் கவலைக்காரன். கல்யாண மண்டபத்துக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் கதவுகளை எண்ணுவேன். என் மருமகள் என்னோடு சினிமாவுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். "மாமா படத்தப் பாக்கறதில்லீங்க, வெளிய போற வழியத்தான் பாக்கறாரு" என்று என் மகனிடம் சொன்னாளாம். சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

எங்களுடையது கழிவுப் பஞ்சிலிருந்து நூல் எடுக்கும் மில். கழிவுப் பஞ்சு மூட்டைக்குள் என்ன இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆணி, கம்பி, சரளைக்கல், ஒருமுறை ஒரு சாவிக்கொத்துகூட வந்தது. இரும்புத் துண்டு இயந்திரத்துக்குள் உரசினால் பொறி பறக்கும். சுற்றிலும் பஞ்சு. சின்னத் தீ எல்லா மில்லிலும் வரும், வாளித் தண்ணீரில் போகும். ஆட்கள் பழகிவிட்டார்கள். அந்தப் பழக்கத்தைப் பார்த்துத்தான் எனக்குப் பயம்.

நூலைக் கோனில் சுற்றும் கூடத்தில் ஒரு ஷிப்டுக்கு அறுபத்திரண்டு பெண்கள். கூடத்துக்கு ஒரே வாசல், வடக்கே. அந்த வாசலுக்கு வெளியே பஞ்சு மூட்டைகளை அடுக்கியிருந்தோம். தீ வந்தால் அந்தப் பக்கமிருந்துதான் வரும். பெண்கள் ஓட வேண்டியதும் அதே பக்கம்தான். தொழிற்சாலை ஆய்வுக்கு வந்த அரசு அதிகாரி ஐந்து நிமிடம் சுற்றிப் பார்த்துவிட்டு, இன்னொரு கதவு வைக்காவிட்டால் கூடத்தை மூடச் சொல்வேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கிழக்குச் சுவரில் மின்சார அறை. தெற்கே குடோன். மேற்குச் சுவரின் பெரும்பகுதியை ஒட்டி ஈரக்காற்று அடிக்கும் பிளாண்ட். மிச்சமிருந்தது தென்மேற்கு மூலை ஒன்றுதான். கன்னி மூலை.

முதலாளி கெட்டவர் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கதையில் அவரோடுதான் எனக்குச் சண்டை. பதினாறு வருடத்தில் ஒரு மாதம்கூட அவர் சம்பளத்தைத் தள்ளிப்போட்டதில்லை. என்னைவிட ஒன்பது வயது இளையவர். என்னை மரியாதையாகத்தான் கூப்பிடுவார்.

"ஏனுங்க மேனேஜரு, அந்த ஆபீசரு கண்ணுக்கு வேற மூலையே தெரியலீங்களா?" என்றார்.

"வேற மூலை இல்லீங்க."

"கன்னி மூலைல ஓட்ட போடக்கூடாதுங்க. எங்கப்பா ஊட்டுல அந்த மூலைலதான் போரு போட்டாரு. எட்டாம் மாசம் எங்கண்ணன் பைக்கோட லாரிக்கு அடில போயிட்டான். இப்ப மில்லுலயும் அதே மூலைய இடிக்கோணுங்கறீங்க."

அவர் நடிக்கவில்லை. செலவைப் பார்த்துத் தட்டிக் கழிக்கும் முதலாளிகளை எனக்குத் தெரியும். இவர் உண்மையாகவே பயந்துபோயிருந்தார். கடைசியில் ஈரோட்டிலிருந்து ஒரு வாஸ்துக்காரரை வரவழைத்தார். அவர் திசைகாட்டியை வைத்துப் பார்த்துவிட்டுப் பரிகாரம் சொன்னார்: கதவு வைக்கலாம், ஆனால் கதவை மறித்த மாதிரி கன்னி மூல கணபதி உட்கார வேண்டும்.

கதவும் வைத்தார்கள். கதவுக்கு ஒரு அடி உள்ளே மேடை கட்டிப் பிள்ளையாரையும் வைத்தார்கள். நல்ல கருங்கல் பிள்ளையார், மேடையோடு சேர்த்து இடுப்பு உயரம். அவசரக் கதவு என்று பச்சை எழுத்தில் எழுதிய பலகைக்குக் கீழே அருகம்புல் மாலையோடு உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி மறுபடி வந்தார். பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "சாமிக்கு நான் நோட்டீஸ் குடுக்க முடியாதுங்க. உங்களுக்குத்தான் குடுக்க முடியும். நகத்தி வச்சிருங்க" என்றார்.

பூசாரியைக் கூப்பிட்டு, பிள்ளையாரைக் கதவின் ஓரத்துக்கு நகர்த்தினோம். அதிகாரி டேப் வைத்து வழியின் அகலத்தை அளந்தார். சட்டம் கேட்ட அகலம் இருந்தது. கையெழுத்துப் போட்டார். முதலாளிக்குத் திருப்தி, அதிகாரிக்குத் திருப்தி. எனக்குத்தான் இல்லை. அந்தக் கதவுப் பக்கம் போகிற பெண்கள் ஒவ்வொருவரும் என்ன செய்கிறார்கள் என்று நான் பல நாள் கவனித்தேன். அதனால்தான் அந்த வியாழக்கிழமை யாரிடமும் சொல்லாமல் சங்கை ஊதச் சொன்னேன்.

சங்கு ஊதியதும் பெண்கள் நன்றாகத்தான் எழுந்தார்கள். மெஷினை நிறுத்தினார்கள். சொல்லிக் கொடுத்தபடி கன்னி மூலைக் கதவை நோக்கி வரிசையாக விரைந்தார்கள். முன்னால் சூப்பர்வைசர் தெய்வானை. கதவைத் தள்ளித் திறந்தாள். பக்கத்தில் இருந்த பிள்ளையாருக்கு நேரே திரும்பி நின்றாள். செருப்பைக் கழற்றினாள், தலையில் இரண்டு குட்டு குட்டிக்கொண்டாள், வெளியே போனாள். அடுத்தவளும் கழற்றினாள், குட்டிக்கொண்டாள். அதற்கடுத்தவளும் அப்படியே. பத்துப் பேர் போவதற்குள் கதவடியில் ரப்பர் செருப்பு குவிந்துவிட்டது. பின்னால் இருந்தவர்கள் முட்டித் தள்ள, மயிலாத்தாள் என்ற ஐம்பது வயதுப் பெண் செருப்புக் குவியலில் இடறிக் கையை ஊன்றி விழுந்தாள். அதோடு வரிசை நின்றுபோனது. அதற்குள் மற்றப் பிரிவுகளின் ஆண்கள் எல்லோரும் தங்கள் வாசல்கள் வழியாக வெளியே வந்து பீடி பற்ற வைத்துவிட்டார்கள். கூடத்துக்குள் இன்னும் முப்பத்தொன்பது பேர் இருந்தார்கள். அது நிஜத் தீயாக இருந்திருந்தால் என்று நான் கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மயிலாத்தாளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுத் தெய்வானையைக் கூப்பிட்டேன்.

"ஏம்மா, தீப் புடிச்சாலும் நின்னு செருப்பக் கழட்டுவியா?"

"தீ எங்கீங்க சார்? சங்குதானுங்க ஊதுச்சு."

"நெசமாப் புடிச்சா?"

"காலு தானா நிக்குமுங்க சார். சாமிக்கு முன்னால செருப்போட எப்படீங்க ஓடறது?"

பக்கத்தில் இருந்த இன்னொருத்தி குறுக்கே வந்தாள். "தீப் புடிச்ச அன்னைக்குத்தானுங்க சாமியக் கும்படோணும்? மத்த நாளு கும்பிட்டு என்னத்துக்கு ஆகுது?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சொன்னதில் தப்பு இல்லை என்பதுதான் என் பிரச்சினை.

மறுநாள் முதலாளி கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை. மணிக்கட்டில் மாவுக்கட்டோடு மயிலாத்தாள் அங்கே நின்றுகொண்டிருந்தாள்.

"யாரக் கேட்டுங்க சங்க ஊதச் சொன்னீங்க?"

"கேட்டு ஊதுனா அது நாடகமுங்க."

"இப்ப என்னவாச்சு? நல்லா இருந்த பொம்பள கைய ஒடச்சுப்போட்டீங்க. தீ ஒடைக்கலீங்க. நீங்க ஒடச்சது."

அந்த அடி சரியான இடத்தில்தான் விழுந்தது. அவர் அதோடு நிறுத்தவில்லை.

"வெறுங்காலோட வரக்கூடாது, செருப்புப் போடோணும்னு சட்டம் சொன்னதும் நீங்க. கதவு வைக்கோணும்னு சொன்னதும் நீங்க. இப்ப செருப்பு கதவுல மாட்டிக்கிச்சு. ரெண்டு சட்டமும் முட்டிக்கிட்டா நடுவுல காசு போடறவன் நானுங்க. ஆபீசரு வந்தா எச்சில் தொட்டி எத்தன வெச்சிருக்கறன்னு கேக்கறான். சுண்ணாம்பு அடிச்ச தேதி கேக்கறான். பத்தாயிரம் பேரு வேல பாக்கற மில்லுக்கும் எனக்கும் ஒரே புஸ்தகம். இந்தப் புஸ்தகத்த எழுதுனவன் ஒரு நாளு சம்பளம் போட்டுப் பாத்திருப்பானுங்களா?"

இதில் பொய் எதுவும் இல்லை. இதை நீங்கள் மறந்துவிடக் கூடாது. உங்கள் முதலாளி இப்படிப் பேசினால் அவரைத் திருடன் என்று நினைத்துவிடாதீர்கள். எச்சில் தொட்டிப் பதிவேட்டை நான் பதினாறு வருடம் எழுதியிருக்கிறேன். அந்தத் தொட்டிகளில் ஒருவர்கூடத் துப்பி நான் பார்த்ததில்லை, எல்லோரும் சுவரில்தான் துப்பினார்கள். விதிகளில் பாதி வீண் என்று முதலாளி சொன்னால் ஒத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாதி வீண் என்று அவர் முடிவு செய்ய மட்டும் விடாதீர்கள். நீங்களும் முடிவு செய்யாதீர்கள். தீக்குத்தான் அது தெரியும், தீ முன்கூட்டிச் சொல்லாது.

முதலாளி ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். ஆலையில் காயம்பட்டு இரண்டு நாளுக்கு மேல் வேலைக்கு வர முடியாமல் போனால் மேனேஜர் அனுப்ப வேண்டிய விபத்து அறிக்கை. நான் ஏற்கெனவே பூர்த்தி செய்து அவர் பார்வைக்கு வைத்திருந்தது.

"இத மாத்தி எழுதுங்க. ஊட்டுல வழுக்கி உழுந்தான்னு போடுங்க. செலவு பூரா நான் பாத்துக்கறேன். அவளும் அப்படியே சொல்றேங்கறா."

மயிலாத்தாள் தயங்கினாள். "சொல்லச் சொன்னாச் சொல்றேனுங்க. ஆனா எம்பட மருமவ ஊட்டுலயேதான் இருக்கறாளுங்க. எந்த ஊட்டுல உழுந்தீங்க அத்தைன்னு ஊரக் கூட்டிப்போடுவா."

முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் தாளை மேலும் படித்ததும் சிரிப்பு போய்விட்டது. வெளியேற்றத்தில் தாமதம் ஏற்பட்டதற்குக் காரணம் என்ற இடத்தில் நான் 'வணக்கம்' என்று எழுதியிருந்தேன்.

"கவர்மெண்டுக்குப் போற தாளுல, சாமி கும்பிட்டது குத்தமுன்னு எழுதறீங்களா?"

"குத்தமுன்னு எழுதலீங்க. காரணமுன்னு எழுதியிருக்கறேன்."

"நாளைக்குக் காலைல இது மாறியிருக்கோணும். இல்லீன்னா நான் வேற மேனேஜரு பாத்துக்கறேன்."

நான் ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம் இருந்தது. வீட்டுக் கடன் முடியவில்லை. இதையெல்லாம் நினைக்காமல் இருந்தேன் என்று சொன்னால் பொய். மதியச் சாப்பாட்டு வேளையில் தபால் அலுவலகத்துக்கு நடந்தேன். அறிக்கையைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ரசீதை அன்று மாலையே முதலாளியின் மேஜையில், கண்ணாடி எடைக்கல்லுக்கு அடியில் வைத்தேன்.

மறுநாள் காலை வேறு மேனேஜர் யாரும் வரவில்லை. அதற்கு என் வீரம் காரணமல்ல, அவருடைய இரக்கமும் காரணமல்ல. மேனேஜர் பெயரை மாற்றுவதென்றால் அதையும் அரசுக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். விபத்து அறிக்கை போன மறு வாரமே மேனேஜரை மாற்றினால், ஏன் மாற்றினாய் என்று அதே அதிகாரி கேட்க வருவார். முதலாளி சலித்துக்கொண்ட அதே புஸ்தகத்தின் ஒரு பக்கம் அன்றைக்கு என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டது. இன்றைய மேனேஜர்கள் சட்டம் முதலாளிக்குச் சுமை என்று கூட்டத்தில் பேசும்போது எனக்கு இது ஞாபகம் வரும். சுமைதான். அந்தச் சுமையின் எடையில்தான் நான் நின்றேன்.

மூன்று நாள் அவர் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் கூடத்துக்கு வந்தார். பிள்ளையார் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றபடியே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"என்னதானுங்க பண்ணோணுங்கறீங்க?"

"சாமிய வெளிய கொண்டு போகோணுமுங்க."

"கன்னி மூலைய உட்டா?"

"உட வேண்டாமுங்க. இது கட்டடத்துக்குக் கன்னி மூலை. மதில் சுவத்துக்கும் ஒரு கன்னி மூலை இருக்குதுங்களே. கதவத் தொறந்து நேரா நடந்தா அங்கதானுங்க போவோம். தீ வந்தா ஆளுக ஒண்ணு கூடி நிக்க ஒரு எடம் வேணும்னு சட்டத்துல இருக்குது. அந்த எடத்துல சாமி உக்காரட்டும். கால் தானா நிக்கற எடத்துல, நிக்கட்டும்."

அவர் சாமியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "ஈரோட்டுக்காரரக் கேளுங்க. அவரு சரின்னா சரி. ஆனா சாமிய நகத்தறது என்ற கையால நடக்காது. எங்கண்ணனுக்கு ஆனது போதும். எடுக்கறதுன்னா நீங்க எடுங்க. என்ன ஆகுதோ உங்க தலைல ஆகட்டும். கம்பெனி ஒரு பைசா போடாதுங்க" என்றார்.

"சரீங்க" என்றேன். எனக்குக் கோபம் வந்திருந்தது. கோபத்தில் ஒத்துக்கொண்டதில் இது ஒன்றுதான் எனக்கு நல்லபடி முடிந்தது.

வாஸ்துக்காரர் வந்து மதில் மூலையைப் பார்த்து, "இது இன்னும் விசேஷமுங்களே" என்று கட்டணம் வாங்கிக்கொண்டு போனார். மேடை கட்டினேன். மேலே சின்னதாக ஒரு மண்டபம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசாரி வந்து மந்திரம் சொல்லி, இனிமேல் எடுக்கலாம் என்றார்.

யாரும் எடுக்க வரவில்லை. ஆண்கள் எல்லோரும் முகத்தைத் திருப்பி மேற்கே மலையைப் பார்த்தார்கள். ஒடிசாவிலிருந்து வந்திருந்த பையன்கள், எங்கள் ஊர்ப் பிள்ளையாருக்கும் அவர்கள் ஊர்ப் பிள்ளையாருக்கும் வித்தியாசம் இல்லை என்பதால், அவர்களும் மேற்கே பார்த்தார்கள். முதலாளி காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டார். எனக்கு வயது அப்போது ஐம்பத்தாறு. குனிந்து, பிள்ளையாரின் அடியில் கையைக் கொடுத்துத் தூக்கினேன். ஒரு விரற்கடை எழுந்தார். என் இடுப்பில் ஏதோ அறுந்தது போல ஒரு சத்தம்.

"சாரு தனியாத் தூக்கி இடுப்ப ஒடச்சுக்கிட்டாருன்னா, அதுக்கும் ஒரு விபத்துப் பாரம் எழுதோணும்டி!" என்று தெய்வானை கத்தினாள். "பாத்துக்கிட்டா நிக்கறீங்க? வாங்கடி, புடிங்க!"

பெண்கள் வந்தார்கள். ஏழெட்டுப் பேர் சேர்ந்து பிடித்தார்கள். மாவுக்கட்டுப் போட்ட கையோடு மயிலாத்தாள் முன்னால் நடந்து, "இக்கட்டால, இக்கட்டால" என்று வழி சொன்னாள். அன்றைக்கு அந்தப் பெண்கள் தூக்கிக்கொண்டு போனது கன்னி மூலைக் கதவு வழியாக. அந்தக் கதவின் முழு அகலத்தையும் உபயோகித்த முதல் ஆட்கள் அவர்களும் பிள்ளையாரும்தான்.

இருபது நாள் கழித்து, மறுபடியும் சொல்லாமல் சங்கை ஊதினேன். பெண்கள் எழுந்தார்கள், கதவைத் திறந்தார்கள், செருப்போடு ஓடினார்கள். நேராக மதில் மூலைக்கு. அங்கே போய்ச் செருப்பைக் கழற்றினார்கள், குட்டிக்கொண்டார்கள், நின்றார்கள். அசையாமல் நின்றதால் தலையை எண்ணுவது சுலபமாக இருந்தது. அறுபத்திரண்டு. இன்னொருமுறை எண்ணினேன். அறுபத்திரண்டு. நான் அன்றைக்குத்தான் ஒழுங்காகத் தூங்கினேன்.

இனி உங்களில் சிலர் எதிர்பார்ப்பதைச் சொல்கிறேன். நான் ஓய்வு பெறும்வரை அந்தக் கூடத்தில் பெரிய தீ வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை என்று தெய்வானை போனில் சொல்கிறாள். அந்தக் கதவு வழியாக உயிருக்குப் பயந்து ஒருவரும் ஓடியதில்லை. வழியனுப்பு விழாவில் முதலாளி என் தோளில் கை போட்டு, "பாத்தீங்களா, ஒண்ணும் ஆகல. எவ்வளவு ரகள பண்ணுனீங்க" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் மேடையில் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். ஒன்றும் ஆகவில்லை என்பதை யாரும் லாபக் கணக்கில் எழுத மாட்டார்கள். அதனால் அது இல்லை என்று ஆகிவிடாது. தினம் மாலை அறுபத்திரண்டு பேர் வீட்டுக்குப் போனார்கள். ஒருத்தி வீட்டில் மருமகள் சண்டை போட்டாள், ஒருத்தி வீட்டில் குழம்பு தீய்ந்துபோனது. நீங்கள் இந்த வேலைக்கு வந்தது இதற்காகத்தான். வீண் ரகளை என்று உங்களைச் சொல்வார்கள். சொல்லட்டும். ரகளை பண்ணுங்கள்.

போன தை மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். மண்டபத்துக்குப் பெயிண்ட் அடித்து, முகப்பில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். 'உபயம்' என்று போட்டு, கீழே முதலாளியின் பெயர். சிரித்துவிட்டேன். கும்பிடும்போது அவருக்கும் ஒரு குட்டு சேர்த்துக் குட்டிக்கொண்டேன், அவர் அண்ணனுக்கும். பிறகு கதவைப் போய்ப் பார்த்தேன். முன்னால் எதுவும் இல்லை. தள்ளினேன், திறந்தது.

இடுப்பு இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. அதற்கு ஒரு பாரம் எழுதினேன். 'வேலை தொடர்பானது அல்ல' என்று முதலாளி திருப்பி அனுப்பிவிட்டார். ஆகவே அதையும் என் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். மேடைக்கும் மண்டபத்துக்கும் முப்பத்தோராயிரத்து ஐந்நூறு. பூசாரி, பூசைச் சாமான், சுண்டல் ஏழாயிரத்து இருநூறு. வாஸ்துக்காரருக்கு மூவாயிரம். கோவை ஆர்.எஸ்.புரத்தில் இடுப்புக்குப் பிசியோதெரபி ஐயாயிரத்து நானூறு, பெல்ட் எண்ணூற்று ஐம்பது. மொத்தம் நாற்பத்தேழாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது ரூபாய்.